தையல் வெளியே தெரிந்த பனியன்

புதுப் பனியன் துணிமேல் ஸ்டீம் அயர்ன் இறங்கும்போது ஒரு வாசனை எழும். பச்சைப் பருத்தி, சாயம், கொஞ்சம் மெழுகு, அடுப்பிலேற்றிய பாலின் முதல் ஆவி என்று என்னென்னவோ சொல்லிப் பார்க்கிறேன். எதிலும் முழுசாக அடங்குவதில்லை. அந்த வாசனை வந்ததும் என் கை தானாக ஒரு பீஸை எடுக்கும், உள்பக்கத்தை வெளியே புரட்டும், கட்டைவிரல் கழுத்துத் தையலில் ஆரம்பித்து அக்குள் வழியாக இடுப்புவரை ஊர்ந்து இறங்கும். ஏற்றுமதி கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவளுக்கு இது தினப்படி வேலை. தையல் விட்டிருக்கிறதா, பிசிறு நிற்கிறதா என்று பார்ப்பதோடு என் வேலை முடிந்தது. விரல் அதோடு நிற்பதில்லை. இது குத்துமா என்று இன்னொன்றும் கேட்கிறது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் எந்தப் படிவத்திலும் அந்தக் கேள்விக்குக் கட்டம் கிடையாது. அதை என் விரலில் ஏற்றிவைத்தவர், என் தங்கை வசிக்கும் இல்லத்தில் வார்டனாக இருந்த பெண்மணி. அவர் பெயர் எனக்குத் தெரியும்; ஒருநாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கெல்லாம் அவர் வார்டனம்மா.

தங்கை என்னைவிட நான்கு வயது இளையவள். வயதுக்கேற்ற மூளை வளர்ச்சி இல்லை என்று டாக்டர் சொன்ன நாளில் அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டில் அவளுக்குக் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். அதற்குப்பின் அம்மாதான் அவளுக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஊர், உலகம் எல்லாம். தங்கைக்கு வாயில் வருவது முப்பது சொல் இருக்கும். அந்த முப்பதில் முந்நூறு அர்த்தம் அம்மாவுக்குத் தெரியும். அம்மா போனதும் முந்நூறும் போய்விட்டன. வெறும் முப்பதோடு அவள் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். எனக்கும் கணவருக்கும் காலை எட்டரைக்குக் கம்பெனி. கதவைப் பூட்டிக்கொண்டு போனேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் பூட்டினேன். அவளுக்கென்று கம்பெனியிலிருந்து நல்ல நல்ல பனியனாகப் பார்த்துக் கொண்டுவந்து போட்டுவிடுவேன். சாயங்காலம் வந்து திறந்தால் கழுத்தோடு கிழித்துப் போட்டிருப்பாள். மணிக்கட்டில் பல் பதிந்திருக்கும். அம்மாவை நினைத்து அழுகிறாள் என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன்.

முதலில் சேர்த்த இல்லம் வேறு. தரையெல்லாம் டைல்ஸ், சுவரெல்லாம் வண்ணப் படம், எந்த நேரத்துக்கு என்ன என்று கண்ணாடி போட்ட பலகை. சொல்லிவிட்டுத்தான் போனோம், சுற்றிக் காட்டினார்கள். இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆடிட் வருகிற வாரம் கக்கூஸில் புதுச் சோப்பு வைப்பது நான். முதலுதவிப் பெட்டியில் பழைய பஞ்சை மாற்றுவது நான். எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று டெய்லர்களை ஒப்பிக்க வைப்பதும் நானேதான். அப்பேர்ப்பட்டவள் அந்த இல்லத்துக் குளியலறையில் புதுச் சோப்பைப் பார்த்து மயங்கினேன். சோப்பின் மேல் எழுத்துகூடத் தேய்ந்திருக்கவில்லை. பார்த்தேன். உறைக்கவில்லை.

மூன்றாம் மாதம் போனபோது தங்கைக்கு மொட்டை அடித்திருந்தது. பேன் என்றார்கள். இஸ்திரி போட்ட பனியனை நேராகப் போட்டிருந்தாள். கிழிக்கவில்லை, கடிக்கவில்லை, என்னைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை. வாயோரம் எச்சில் காய்ந்து கோடாகக் கிடந்தது. “இப்ப ரொம்ப அமைதியா இருக்குதுங்க மேடம்” என்று அங்கிருந்தவர் பெருமையாகச் சொன்னார். என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் இன்னொருவரைப் பார்த்தார். அந்த இன்னொருவர் பலகையைப் பார்த்தார். அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வந்து? மறுபடியும் எட்டரை மணி, மறுபடியும் பூட்டு. மாத்திரையின் அமைதி ஒருபக்கம், பூட்டிய கதவு மறுபக்கம். நடுவில் ஒரு மனுஷி வாழ்வதற்கு மூன்றாவதாக ஏதாவது இடம் இருக்கிறதா என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே கேள்வி.

குன்னத்தூருக்கு அந்தப் பக்கம், தறி ஓடி ஓய்ந்த ஒரு நீளமான ஷெட்டில் இருந்தது அந்த இரண்டாவது இல்லம். சிமென்ட் தரை. வாசலில் வேம்பு. அங்கே பதிமூன்று பெண்கள், தங்கை பதினான்காவது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு, வேலைக்குக் கிளம்புகிற கோலத்திலேயே எப்போதும் இருந்த வார்டனம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். சுற்றிக் காட்ட அவருக்குத் தோன்றவே இல்லை. பாயை விரித்து உட்காரச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். தண்ணீர் வேண்டுமானால் என்னவென்று கேட்பார்கள், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்கள், நகம் வெட்ட யாரிடம் கை நீட்டுவார்கள், கோபம் வந்தால் முதலில் அசைவது கையா காலா. முதல் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்தது. மற்றதெல்லாம் அம்மாவோடு போயிருந்தது. கூடப் பிறந்தவள் இத்தனைக்கும் தெரியாது என்று சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது.

“பரவாயில்லீங்க அக்கா. மெதுவா அவங்களே சொல்லுவாங்க” என்றார்.

அவளுக்குப் பேச வராதே என்றேன்.

“பேசறதுக்குத்தானுங்க வராது. சொல்றதுக்கு என்ன?”

கிளம்பும்போது ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொருவர் பாய்க்குப் பக்கத்திலும் ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்கு ஒரு சின்னப் பூட்டு. சாவி வார்டனம்மாவின் இடுப்பில் இல்லை. அவரவர் கழுத்தில், நூலில் தொங்கியது. தங்கைக்கும் ஒன்று கட்டிவிட்டார். அவள் அதைக் கையில் பிடித்துப் பார்த்தாள், வாயில் வைத்துப் பார்த்தாள், பிறகு பனியனுக்குள் போட்டுக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம், ஒரு புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினேன். ஒருமுறை ஏமாந்தவள் அப்படித்தான் போவாள். இங்கேயும் சுவரில் ஒரு பலகை, அதில் ஒரு மணிக்குச் சாப்பாடு என்றிருந்தது. ஒன்றரைக்கும் மூன்று பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள், அவர்களோடு வார்டனம்மாவும் அதே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஒருவர் காலில் ஒரு செருப்பு நீலம், மற்றது சிவப்பு. துணி காயும் கொடிக்கம்பிக்குக் கீழே தங்கை நின்றாள். பனியனை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தாள். அக்குள் தையல் ரயில் பாதை மாதிரி ஓடியது. பிடரியில், வெட்டிய லேபிளின் மிச்சம் நாக்கை நீட்டியது. இன்னும் இரண்டு பேரும் அப்படியே. எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. திருப்பூர்க்காரிக்குத் துணியை மாற்றிப் போட்டிருப்பது வெறும் கவனக்குறைவு இல்லை, அது அவமானம். ஊருக்கெல்லாம் உடுப்புத் தைத்து அனுப்புகிறோம், நம் பிள்ளை உடம்பில் ஒன்று நேராக ஏறவில்லை.

“பதினாலு பேரப் பாத்துக்கறீங்க, ஒரு துணிய நேரா போட்டுவிட ஆளில்லீங்களா இங்க?” என்று கேட்டுக்கொண்டே தங்கையை உள்ளே இழுத்துப் போனேன். உருவினேன், புரட்டினேன், நேராக மாட்டினேன், இழுத்து நீவியும் விட்டேன். அவ்வளவுதான். தொண்டைக்குள்ளிருந்து ஒரு கீச்சல். கை கழுத்துக்குப் போனது. பழைய தழும்பிலேயே பல் இறங்கியது. தலை சுவரில் ஒருமுறை, இரண்டுமுறை மோதியது.

வார்டனம்மா ஓடி வரவில்லை, நடந்து வந்தார். சுவருக்கும் தலைக்கும் நடுவில் தன் கையை வைத்தார். “அம்மிணி, கழட்டிரலாமுங்களா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்புதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். தங்கை இரண்டு கையையும் தூக்கினாள். பனியன் கழன்றது, புரண்டது, தையல் வெளியே தெரிய மறுபடி ஏறியது. கீச்சல் நின்றது. அவள் கொடிக்கம்பிக்கே போய்விட்டாள்.

பிறகு வார்டனம்மா அதே ரகத்தில் இன்னொரு பனியனை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். தேய்த்தேன். நைலான் நூல். லேபிளை வெட்டிய இடத்தில் மொடமொடவென்று ஒரு விளிம்பு. இத்தனை வருடம் என் தோலில் தேய்ந்து மரத்துப்போன அதே தையல் அன்றைக்கு முள்வேலியாக இருந்தது.

“நானும் எட்டு வருசம் பனியன் கம்பெனியில செக்கிங் டேபிள்ல நின்னவதானுங்க அக்கா. ஒரு நாளைக்கு எத்தன பீஸ் புரட்டியிருப்பேன். தையல் விட்டிருக்குதான்னு பாப்போம், பிசிறு இருக்குதான்னு பாப்போம். உடுத்தறவங்களுக்குக் குத்துமான்னு ஒரு நாளும் பாத்ததில்லீங்க. இங்க வந்துதான் பாக்கறேன்.”

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் கண்டுபிடிக்கவில்லையாம். சாயம் வெளுக்காமல் இருக்கத் துணியை உள்பக்கம் புரட்டித்தானே காயப்போடுவோம். தங்கை வந்த முதல் வாரம், போட்டுவிட்டதையெல்லாம் கிழித்தாள். இரண்டாம் வாரம் ஒருநாள் கொடிக்கம்பியிலிருந்து ஒன்றைத் தானே உருவி, தொங்கின மாதிரியே மாட்டிக்கொண்டாள். அதைக் கிழிக்கவில்லை. மறுநாளும் அப்படியே. நான்கு நாள் எதையும் மாற்றாமல் வார்டனம்மா பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறார். “அவங்களே சொல்லுவாங்கன்னு சொன்னேனில்லீங்க” என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. ஊரில் மழை வந்ததைச் சொல்கிற குரல். அவளைப் பார்த்து மற்ற இருவரும் புரட்டிப் போட ஆரம்பித்தார்களாம். ஒருவருக்கு உண்மையிலேயே குத்தியிருக்கும், இன்னொருவருக்குச் சும்மா போட்டிதான் என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது என் பதினைந்தாம் வயது எதிர்ச் சீட்டில் வந்து உட்கார்ந்தது. அம்மா தங்கைக்குப் பாவாடைச் சட்டையை எப்போதும் மறுபுறமாகத்தான் போட்டுவிடுவாள். அம்மாவுக்கு அவசரம், கவனமில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு கல்யாணத்தில் என் தோழிகள் சிரித்தார்கள் என்று தங்கையை மண்டபத்துப் பின்பக்கம் இழுத்துப் போய் நேராக மாற்றிவிட்டேன். பந்தி முடியும்வரை அவள் கத்தினாள். கூட்டத்துக்குப் பயந்துகொண்டாள் என்றேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் கிளம்பிப் போனாள். அந்தப் பார்வைக்கு எனக்கு அர்த்தம் கிடைக்க முப்பது வருடமும், ஒரு புதன்கிழமையும், ஒரு வார்டனம்மாவும் தேவைப்பட்டிருக்கிறது.

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. கம்பெனியில் மாதிரி உடுப்பு தைக்கிற சாம்பிள் மாஸ்டரைப் பிடித்தேன். லேபிள் இல்லாமல், தையல் பட்டையாகப் படிகிற ஃபிளாட்லாக்கில், தொட்டால் வழுக்குகிற துணியில் பதினான்கு பனியன் தைத்து வாங்கினேன். உள்ளே எதுவும் குத்தாது, வெளியே எல்லாம் நேராக இருக்கும். யார் பார்த்தாலும் முகம் சுளிக்க முடியாது. பிரச்சினையை வேரோடு தீர்த்துவிட்ட கர்வத்தோடு மூட்டையை இறக்கினேன். தங்கை ஒன்றை எடுத்தாள். தடவினாள். கன்னத்தில் வைத்தாள். பிறகு நிதானமாக அதன் உள்ளே கையை விட்டு, புரட்டி, மறுபுறமாகப் போட்டுக்கொண்டு கொடிக்கம்பிக்குப் போனாள்.

வார்டனம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீல-சிவப்புச் செருப்புக்காரர் என்னைப் பார்த்து, “உனக்கு வேலையே தெரீல போ” என்றார். அதற்கும் சிரிப்பு. எனக்குத்தான் சிரிப்பு வர நேரமானது. குத்தாதபோதும் அவள் ஏன் புரட்டுகிறாள் என்று கேட்டேன். “அவங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. நீங்க பச்சச் சேல கட்டறதுக்கு என்ன காரணமுங்க?” என்றார். தேவையைத் தீர்த்துவைப்பது வரைக்கும் எனக்கு எட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷிக்கு வெறும் பிடித்தம் என்று ஒன்றும் இருக்கலாம் என்பது எட்டவில்லை.

அடுத்த வருடம் இல்லத்தின் அனுமதியைப் புதுப்பிக்க அரசு ஆய்வு வந்தது. ஏற்கெனவே ஷெட் பழசு, சாய்தளம் இல்லை என்று குறை. பராமரிப்பில்லை என்றும் எழுதிவிட்டால் மூட வேண்டியதுதான். பதினான்கு பேரும் ஆளுக்கொரு திசை. தங்கைக்கு அந்தத் திசை எதுவென்று எனக்குத் தெரியும், எட்டரை மணிப் பூட்டுக்குப் பின்னால். ஆகவே முதல்நாளே போய் இறங்கினேன். எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்தேன். பலகையைத் துடைத்தேன், மருந்துப் பதிவை ஒழுங்குபடுத்தினேன். புதுச் சோப்பையும் எடுத்தேன். மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டேன். கடைசியாக வார்டனம்மாவிடம், நாளைக்கு ஒருநாள், ஒரே ஒருநாள், துணியை மட்டும் நேராகப் போட்டுவிடலாம் என்று கெஞ்சினேன்.

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “போடலாமுங்க. யாருக்காக இதுன்னு அவங்க கேப்பாங்க. என்ன சொல்றதுன்னு நீங்களே சொல்லிக் குடுங்.”

டெய்லர்களுக்கு எத்தனையோ பதில் சொல்லிக் கொடுத்தவளுக்கு அந்த ஒரு பதில் வரவில்லை.

ஆய்வுக்கு வந்தவர் ஒரு பெண் அதிகாரி. சமையலறை, கழிவறை, பதிவேடு எல்லாம் பார்த்தார். தங்கையின் முன்னால் வந்து நின்றார். வார்டனம்மா வாயைத் திறந்து விளக்கிவிட மாட்டாரா என்று பார்த்தேன். அவர் விளக்கவில்லை. “அவங்களையே கேளுங்” என்றார். அதிகாரி குனிந்து, “சட்டைய ஏம்மா இப்படிப் போட்டிருக்கீங்க?” என்று தங்கையிடமே கேட்டார். நாற்பதைத் தாண்டிய வயதில் அவளிடம் ஒரு அரசாங்கம் கேட்ட முதல் கேள்வி அது. தங்கை தன் பனியனின் தையலை மேலிருந்து கீழாக விரலால் நீவினாள். கழுத்திலிருந்து சாவியை எடுத்துக் காட்டினாள். “எனக்கு” என்றாள்.

அதிகாரி ஏதோ எழுதினார். சாய்தளம் கட்ட அவகாசம், தீயணைப்பு வாளிக்கு மணல். பராமரிப்பு என்ற இடத்தில் குறை ஒன்றும் இல்லை. அனுமதி புதுப்பிக்கப்பட்டது.

இப்போது தங்கைக்கு முடி தோளைத் தாண்டி இரட்டைச் சடை. வார்டனம்மா இல்லை. உட்கார்ந்து எழுந்து முழங்கால் தேய்ந்துபோய், உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்து, பிறகு இந்த இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து, வருடக்கணக்காக அவரோடேயே இருந்த பெண்தான் இன்று வார்டன். அவருக்கும் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். தங்கையோடு பேச அது போதும். போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது புதிதாகச் சேர்ந்த பெண்ணொருவரின் அக்காளிடம் அவர் பாய் விரித்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் படுப்பாங்க, நகம் யார் வெட்டறது. கொடிக்கம்பியில் பனியன்கள் உள்பக்கம் வெளியே தெரியக் காற்றில் ஆடின. ஒருவர் போனதும் சரிந்துவிடுகிற இடமில்லை அது. இதை நான் தைரியமாகச் சொல்வேன். ஆடிட் பார்க்கிறவள் சொல்கிறேன். இன்று காலை செக்கிங் டேபிளில், ஆவி வாசனைக்கு நடுவில், குழந்தைகள் ஆர்டர் ஒன்றின் கழுத்துத் தையலைத் தடவிவிட்டு, குத்துகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று சூப்பர்வைசர் கேட்டார். ஓரத்தில் எழுதச் சொன்னேன்.

வார்டனம்மா கிளம்பிய நாள் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. பையை வாசலில் வைத்துவிட்டு ஒவ்வொருவரிடமும் போய், “போயிட்டு வரட்டுங்களா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நின்றார். ஒருவர் தலையாட்டினார், ஒருவர் கட்டிக்கொண்டார், செருப்புக்காரர், திரும்பி வரும்போது கடலை மிட்டாய் வாங்கிவரச் சொன்னார். பதிமூன்று பேரும் விடை கொடுத்தாயிற்று. தங்கை மட்டும் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கவே இல்லை. ரோட்டில் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பஸ் போச்சே என்றேன். “அடுத்தது வருமுங்க” என்றார். வேப்ப நிழலில் நின்றுகொண்டே இருந்தார், தேய்ந்த முழங்காலோடு.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். தங்கை வந்தாள். வார்டனம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். கம்பெனியில் ஷிப்மென்ட்டுக்கு முன் நான் கடைசிப் பீஸைப் பார்ப்பேனே, அந்தப் பார்வை. சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் காலரைப் பிடித்து இழுத்தாள். வார்டனம்மாவுக்குப் புரிந்தது. சட்டையைக் கழற்றினார், உள்பக்கத்தை வெளியே புரட்டினார், அப்படியே போட்டுக்கொண்டார், பட்டனைக்கூட உள்ளே கைவிட்டு ஒவ்வொன்றாக மாட்டினார். அடுத்த பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

தங்கை அந்தத் தையலைத் தோளிலிருந்து இடுப்புவரை விரலால் நீவிப் பார்த்தாள்.

“நல்லாருக்கு” என்றாள். “போயிட்டு வா.”